பதினேழாம் எண் பள்ளம்

அந்த நிலத்தால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் செங்கல் சூளைக்காரர்கள் அங்கே மண் எடுத்தார்கள். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தோண்டினார்கள், வேண்டாத மண்ணைப் பக்கத்திலேயே குவித்தார்கள், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மேடும் பள்ளமும்தான். வீடு கட்ட முடியாது, விதை போட முடியாது. ஆடுகூட ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு மறுதடவை வரவில்லை. அதனால்தான் பன்னிரண்டு வருஷம் அந்த நிலம் நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அங்கே வண்டிச் சத்தம் கேட்கும். பக்கத்துச் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கும், அவனிடம் வண்டி ரிப்பேருக்கு விடுகிற ஏழெட்டுப் பேரும் வருவார்கள். எல்லாம் டர்ட் பைக். சைலன்சர் மேலே தூக்கிக்கொண்டு, டயரில் பல் பல்லாக, பார்க்கவே கோபக்காரன் மாதிரி இருக்கும் வண்டிகள். மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவார்கள். பள்ளத்தில் விழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, மறுபடி மேட்டில் ஏறுவார்கள். பத்து மணிக்குச் சேறும் சிரிப்புமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு விஷயம் அவ்வளவுதான்.

மெக்கானிக்கின் அக்காவுக்கு விஷயம் அவ்வளவு இல்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கக்கத்தில் கட்டை வைத்து ஊன்றித்தான் நடப்பாள். ஒர்க்‌ஷாப்பின் மூலையில் மோட்டார் வைத்த தையல் மெஷினைப் போட்டு, வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பாள். வீடு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்பக்கம். வீட்டிலிருந்து மெஷினுக்கு நாற்பத்திரண்டு ஊன்றல். அவளே எண்ணி வைத்திருந்தாள். போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்திரண்டு. திங்கள் முதல் சனி வரைக்கும் அவளுடைய உலகம் அவ்வளவுதான்.

யாரோ ரிப்பேருக்கு விட்டுத் திரும்பி வராமல் போன ஒரு நாலு சக்கர டர்ட் பைக்கை மெக்கானிக் எட்டு மாசம் உட்கார்ந்து அவளுக்காக மாற்றிக் கட்டினான். கால் பிரேக்கைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தான். கியரை ஒரு நெம்புகோல் வைத்து இடது கைக்குக் கொண்டுவந்தான். ஆக்சிலேட்டர் ஏற்கெனவே கட்டைவிரலில்தான். கால் நழுவாமல் இருக்க அக்காவே பட்டை தைத்துக்கொண்டாள். கரகரவென்று மூச்சுவிட்டுக்கொண்டு அசைந்து போகும் அந்த வண்டிக்கு எருமை என்று பேரும் வைத்தாள்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம். யார் தோளும் இல்லாமல், பின்னால் ஓடிவந்து "பாத்து, பாத்து" என்று சொல்ல ஆளும் இல்லாமல், அவள் நினைத்த இடத்துக்கு அவளே போய் வந்தாள். அவளுக்குப் பிடித்தது நடுவில் இருந்த ஒரு ஆழமான பள்ளம். அதில் இறங்கினால் ஒரு கணம் வயிறு காலியாகும். மறுகணம் வானம் மட்டும் தெரியும்.

"தார் ரோட்டுல எல்லாரும் என்னை முந்திட்டுப் போறாங்கடா தம்பி" என்பாள். "இங்க பாரு, ரெண்டு காலும் ஒழுங்கா இருக்கறவர்தான் மொதல்ல விழறாரு."

சொல்லிவிட்டு, அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரான பேக்கரிக்காரரைப் பார்ப்பாள். அவர் அப்போதுதான் எழுந்துகொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் வாரியம் வந்தது.

கரடுமுரடுத் தடங்கள் வாரியம் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. வாரியத்துக்கும் இவர்கள் இருப்பது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. நிலத்தின் வாயிலில் ஒரு சங்கிலி தொங்கியது. அதற்குப் பக்கத்தில் பச்சைப் பலகை: "இது அங்கீகரிக்கப்பட்ட கரடுமுரடு அல்ல. மீறி ஓட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." பலகைக்குப் பக்கத்தில் ஆய்வாளர் நின்றிருந்தார். காலணியில் மண் படாமல் இருக்க இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்.

"இந்த இடம் கரடுமுரடுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"பாத்தாலே தெரியுதே சார்" என்றான் மெக்கானிக்.

"பாத்தாலே தெரியறதுக்கு அப்புறம் வாரியம் எதுக்குங்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

அக்கா எருமையை உறுமவிட்டாள். "சார், ஓட்டிப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும். பின்னாடி ஏறிக்கோங்க. பையைக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க."

"அம்மா, நான் பத்தொன்பது வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வண்டியிலயும் ஏறினதில்ல" என்றார் ஆய்வாளர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "விண்ணப்பம் போடுங்க. ஓட்டறவங்க நேர்ல வரணும்."

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டின் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, அது பழுப்பேறி, அதன் மேல் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். படிகள் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு மாடியிலும் அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மெக்கானிக் தூக்கிக்கொள்கிறேன் என்றான். "உன் இடுப்பைப் பாத்துக்கோ, ஸ்பேனர் புடிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

மேலே போனால் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அந்தத் தரையில் கட்டை நிற்க மறுத்து வழுக்கியது. கரடுமுரடு வாரியத்தின் அலுவலகத்தில் கரடுமுரடாக ஒரு கதவுப்பிடிகூட இல்லை. இடதுபக்கக் கதவில் 'மேட்டுப் பிரிவு' என்று எழுதியிருந்தது. வலதுபக்கக் கதவில் 'பள்ளப் பிரிவு'. நடுவில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மா.

"மேடா, பள்ளமா?" என்று கேட்டார் எழுத்தர் அம்மா.

"ரெண்டும் இருக்கு மேடம்."

"ரெண்டும் இருந்தா ரெண்டு ஃபைல். மேட்டுக்கு வெள்ளை ஃபாரம், பள்ளத்துக்கு மஞ்சள். ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல வரக்கூடாது."

அங்கேதான் மெக்கானிக் ஒரு தப்புச் செய்தான். ஸ்பேனர் பிடிக்கிற ஆள், எதையும் விட்டுவிடாமல் எழுதிப் பழக்கம். ஒரு போல்ட் குறைந்தால் வண்டி நடுவழியில் நிற்கும் இல்லையா. வெள்ளை ஃபாரத்தில் மேடுகளை எழுதினான். மஞ்சளில் பள்ளங்களை எழுதினான். பிறகு இரண்டிலும் கீழே, "மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் சரிவும் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எழுத்தர் அம்மா அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க இதை எழுதினீங்க?"

"இருக்கே மேடம்."

"இருக்கறதையெல்லாம் எழுதுவாங்களா? சரிவு யாரோடதுன்னு இங்க யாருக்குமே தெரியாதுங்க. இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல."

இடதுபக்கக் கதவிலிருந்து ஒருவரும் வலதுபக்கக் கதவிலிருந்து ஒருவரும் வந்து ஃபாரத்தைப் பார்த்தார்கள். மேலே இருந்து வந்தால் மேட்டின் முடிவு, ஆகவே எங்களுடையது என்றார் ஒருவர். கீழே இருந்து போனால் பள்ளத்தின் சுவர், ஆகவே எங்களுடையது என்றார் மற்றவர். பத்து நிமிஷம் கழித்து, வேலை கூடும் என்று உறைத்ததும், இருவரும் அப்படியே திரும்பி நின்று, சரிவு உங்களுடையதுதான் என்று ஒருவருக்கொருவர் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"தெளிவுரை கேட்டு மேல எழுதணும்" என்றார் எழுத்தர் அம்மா.

"அதுவரைக்கும் ஓட்டலாமா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

எழுத்தர் அம்மா அவளுடைய கட்டைகளைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்கம்மா, ஃபைல்ல ஒரு வார்த்தை தெளிவில்லன்னா, தெளிவு வர்ற வரைக்கும் இருக்கறது இருக்கறபடியே இருக்கும். சங்கிலி போட்டிருக்கா? சங்கிலி இருக்கும். அதை யாரும் அசைக்க முடியாது. தலைவராலயும் முடியாது."

சங்கிலி ஐந்து மாசம் இருந்தது.

அந்த ஐந்து மாசமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது. காலையில் அக்கா நாற்பத்திரண்டு ஊன்றல் வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு வருவாள். எருமை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருக்கும். அதில் ஏறி, பட்டையைக் கட்டி, ஸ்டார்ட் செய்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்ற ஒரு மணி நேரம் எதிர்ச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சுவரில் ஒரு ஆயில் கம்பெனி காலண்டர் தொங்கியது.

"எதுக்குக்கா இது?" என்று மெக்கானிக் ஒரு தடவை கேட்டான்.

"வண்டிக்கு மூச்சுவிடற பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல."

 மெக்கானிக் மாசத்துக்கு இரண்டு தடவை ஐம்பத்தெட்டு படி ஏறினான். போய் நிற்பான், எழுத்தர் அம்மா தலையை மட்டும் ஆட்டுவார், இறங்கிவிடுவான். ஐந்தாவது மாசம் தெளிவுரை வந்தது. சரிவின் மேல்பாதி மேட்டுப் பிரிவுக்கு, கீழ்ப்பாதி பள்ளப் பிரிவுக்கு. நடுவில் வெள்ளை பெயிண்ட்டில் கோடு போட வேண்டும். மண்ணில் பெயிண்ட் நிற்காது என்று மெக்கானிக் சொன்னான். அது தெளிவுரையில் இல்லை என்றார்கள்.

பிறகு ஆய்வாளர் பிளாஸ்டிக் பைகளோடு வந்து அளந்தார். இரண்டு பிரிவிலிருந்தும் இரண்டு டேப் வந்தது. நாலு நாள் அளந்தார்கள். நாற்பத்து மூன்று பள்ளம், இருபத்தொன்பது மேடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தகரப் பலகை. அக்காவின் ஆழமான பள்ளத்துக்குப் பதினேழு என்று வந்தது. ஆழம் நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் ஏறியது. வரைபடம் போட்டு, முத்திரை குத்தி, உள்ளது உள்ளபடி அங்கீகரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திறப்பு விழாவுக்கு வாரியத் தலைவர் வந்தார். முதலாம் எண் பள்ளத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தின் மேல் மைக்.

"நண்பர்களே, நான் வாழ்க்கையில ஒரு தடவைகூட கரடுமுரடான பாதையில போனது கிடையாது" என்று தலைவர் ஆரம்பித்தார். "அதனாலதான் இந்தப் பொறுப்பை என்கிட்ட கொடுத்தாங்க. பாரபட்சம் இருக்காது பாருங்க."

கைதட்டினார்கள்.

"இதுக்கு முன்னாடி நிலைமை என்ன? மக்கள் அவங்க இஷ்டத்துக்குப் பள்ளத்துல விழுந்துட்டு இருந்தாங்க. யார் எந்தப் பள்ளத்துல விழுந்தாங்க, எத்தனை தடவை விழுந்தாங்க, நம்மகிட்ட ஒரு புள்ளிவிவரம் உண்டா? கிடையாது. வெக்கமா இருந்தது எனக்கு. இனிமே அப்படி இல்ல. இனிமே இங்க ஒருத்தர் விழுந்தா, எண்ணோட விழுவார்."

அக்கா பேக்கரிக்காரர் பக்கம் சாய்ந்தாள். "உங்களுக்குத்தான் நல்ல காலம். தனிப் பதிவேடே போடுவாங்க."

"சும்மா இருங்கக்கா" என்றார் அவர். "காதுல விழுந்தா ரெண்டு ஃபாரம் கொடுப்பாரு."

"இங்க இருக்கற ஒவ்வொரு பள்ளமும் வாரியத்தோட சொத்து" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "எங்க கடைசி ஊழியர் இருக்கற வரைக்கும் இதுல ஒரு பள்ளத்தையும் யாரும் மூட முடியாது. ஆழமாக்கவும் முடியாது. நாங்க எந்த நிலைமையில எடுத்துக்கிட்டோமோ, அதே நிலைமையிலதான் எல்லாத்தையும் வெச்சிருப்போம். எங்க வாரியத்தோட முப்பது வருஷ சரித்திரமே அதுதான்."

பிறகு பேக்கரிக்காரரின் பைக்கில் தலைவரை ஏற்றினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு ஊழியர்கள் பிடித்துக்கொண்டு, கம்பளத்தின் மேல் ஆறடி தள்ளினார்கள். படம் எடுத்தார்கள். தலைவர் இறங்கி, "சவாலான அனுபவம்" என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். சங்கிலி இல்லை. அக்கா பதினேழில் ஒன்பது தடவை இறங்கினாள். மெக்கானிக் எண்ணவில்லை. அவளே வந்து சொன்னாள். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. ஐந்து மாசப் படியேறலுக்கும் சேர்த்து அவனுக்கு அன்றைக்குத்தான் இடுப்பு வலி விட்டது.

திங்கட்கிழமை ஆய்வாளர் டேப்போடு வந்தார்.

"பதினேழாம் எண் நூற்று முப்பத்தொண்ணு இருக்குங்க."

"அப்படின்னா?"

"அஞ்சு சென்டிமீட்டர் கூட. எட்டாம் எண் மேடு மூணு குறையுது. நாலு பலகை உடைஞ்சிருக்கு." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "என்ன செஞ்சீங்க?"

"ஓட்டினோம் சார்."

"ஓட்டத்தான் அனுமதி. மாத்தறதுக்கு இல்லையே."

"சார், மண்ணுல வண்டி ஓட்டினா மண்ணு நகரும்."

"அதைத் தடுக்க என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க?"

அறிவிக்கை வந்தது. பதிவு செய்யப்பட்ட கரடுமுரடைச் சிதைத்ததற்காக அனுமதியை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். மெக்கானிக் இரண்டு நாள் யோசித்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வரைபடத்தைக் கல்லுக்கு அடியில் வைத்து, பதினேழில் ஐந்து சென்டிமீட்டர் மண்ணைப் போட்டு மிதித்தான். எட்டாம் மேட்டில் மூன்று சென்டிமீட்டர் ஏற்றினான். வேறு வழி தெரியவில்லை. சங்கிலி மறுபடி வந்தால் அக்கா மறுபடி காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்.

வாரியத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பள்ளப் பிரிவு அவனைப் 'பள்ளக் காப்பாளர் (பொறுப்பு)' என்று நியமித்தது. அதைக் கேள்விப்பட்ட மேட்டுப் பிரிவு ரோஷப்பட்டு அவனையே 'மேட்டுக் காப்பாளர் (பொறுப்பு)' என்று நியமித்தது. இரண்டு பதவிக்கும் சேர்த்து ஒரு தொப்பி கொடுத்தார்கள்.

இதில் வேலை நுணுக்கமானது. பள்ளத்தை நிரப்ப மேட்டிலிருந்துதான் மண் எடுக்க வேண்டும். மேடு ஒரு பிரிவு, பள்ளம் ஒரு பிரிவு. ஆகவே மெக்கானிக் மேட்டுக் காப்பாளராக உட்கார்ந்து, ஒரு தட்டு மண் அனுப்பப்படுகிறது என்று பள்ளக் காப்பாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். பிறகு பள்ளக் காப்பாளராக எழுந்து, மண்ணைக் கொண்டுபோய்ப் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று பதில் எழுத வேண்டும். ஒரு தடவை களைப்பில் கையெழுத்துகள் இடம் மாறிவிட்டன. இரண்டு காப்பாளர்களிடமும் தனித்தனியாக விளக்கம் கேட்டார்கள். இரண்டு பேரும் வருத்தம் தெரிவித்தார்கள்.

மழை பெய்தது. பள்ளங்களில் வண்டல் இறங்கியது, மேடுகள் கரைந்தன. மழைக்கு முன்னறிவிப்பு ஏன் தரவில்லை என்று கடிதம் வந்தது. கோடை வந்தது. மேடுகளில் வெடிப்பு விட்டது. வெடிப்பு பள்ளப் பிரிவைச் சேர்ந்ததா என்ற கேள்வி எழும்பப் பார்த்தது. இந்தத் தடவை மெக்கானிக் உஷாராக அதைப் பற்றி எழுதாமல் விட்டான்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டிகள் சேர்ந்தன. ஸ்பேனர்கள் இருந்த பலகையில் டேப்பும் மட்டக்கோலும் ஏறின. சனிக்கிழமை முழுக்க அளப்பது, நிரப்புவது, கடிதம் எழுதிக் கடிதம் வாங்குவது. ஞாயிறு காலை எல்லோரும் வரும்போது அவன் கண் சிவந்து, தொப்பி போட்டு, நிலத்தின் வாயிலில் நிற்பான். முதலில், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்றான். பிறகு, ஓரமாகப் போங்கள் என்றான். பிறகு, இரட்டைப்படை எண்களில் மட்டும் இறங்குங்கள் என்றான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் வாயில் "பரிசீலிக்கலாம்" என்று ஒரு வார்த்தை வந்தது.

"அண்ணே, முன்னாடி ஸ்பேனரோட ஓடிவருவீங்க" என்றார் பேக்கரிக்காரர். "இப்பல்லாம் விழுந்தா, என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி பள்ளத்தை அளக்கறீங்க."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. "நாளைக்கு அனுமதி போச்சுன்னா நீங்களா வந்து படி ஏறுவீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று பேக்கரிக்காரர் ஓரமாகப் போனார்.

வருஷம் முடிந்தது. அனுமதியைப் புதுப்பிக்க ஆய்வாளர் திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. வெள்ளியும் சனியும் மெக்கானிக் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவே இல்லை. நாற்பத்து மூன்று பள்ளத்தையும் இருபத்தொன்பது மேட்டையும் வரைபடத்தில் இருப்பதுபோல் கொண்டுவந்தான். பதினேழு மட்டும் நூற்று இருபத்தாறில் நிற்க மாட்டேன் என்றது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வழியாக நின்றது. தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டி, விளிம்பைக் கையாலேயே தடவிவிட்டான். தள்ளி நின்று பார்த்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. எட்டு மாசம் உட்கார்ந்து எருமையைக் கட்டி முடித்த அன்றைக்கு வந்த மாதிரியான சந்தோஷம். அது எதற்கு இங்கே வருகிறது என்று அவன் யோசிக்கவில்லை. அசதி.

ஞாயிறு காலை அக்கா எருமையோடு வந்தாள். இரண்டு சுற்று ஓரமாகச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் கைப்பிடியைத் திருப்பி, நேராகப் பதினேழைப் பார்த்துக் கட்டைவிரலை அழுத்தினாள்.

மெக்கானிக் ஓடினான். தொப்பி கழன்று விழுந்தது. பள்ளத்தின் விளிம்பில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"பாத்து! பாத்துக்கா! பாத்து!"

எருமை அவனுக்கு மூன்றடி முன்னால் நின்றது. அக்கா எஞ்சினை அணைத்தாள். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்னடா?"

"இன்னும் காயலக்கா. நாளைக்கு அளக்க வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாள் ஓரமா ஓட்டிட்டுப் போயிடு."

"யாருக்குடா இந்தப் பள்ளம்?"

"உனக்குத்தான்க்கா. உனக்காகத்தானே நான் இவ்வளவும்..."  கையில் டேப் இருந்தது. அது தானாகச் சுருண்டு, 'சட்'டென்று உள்ளே போனது.

அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட பாத்து பாத்துன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றாள். "நடந்தா பாத்து. உக்காந்தா பாத்து. தும்மினாக்கூட பாத்து. நாப்பது வருஷத்துல அதைச் சொல்லாத ஆளு நீ ஒருத்தன்தான்டா. இன்னிக்குச் சொல்லிட்ட. அதுவும் எனக்காக இல்ல, பள்ளத்துக்கு அடிபட்டுடுமேன்னு."

பேக்கரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்தான் இருக்கும். இப்போது மண் இருந்தது.  விரித்த கைகளை இறக்கினான். மெதுவாக நகர்ந்துபோய் எட்டாம் எண் மேட்டின்மேல் உட்கார்ந்தான். மேடு இரண்டு சென்டிமீட்டர் அமுங்கியது.

"போக்கா" என்றான்.

அக்கா பின்னால் எடுத்தாள். நன்றாகத் தூரம் எடுத்தாள். எருமை உறுமியது. அன்றைக்கு அவள் பதினேழில் ஆரம்பித்து, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பார்க்காமல் நாற்பத்து மூன்றிலும் இறங்கி, இருபத்தொன்பதிலும் ஏறினாள். தகரப் பலகைகள் ஒவ்வொன்றாக டயருக்குக் கீழே மடங்கின. இரண்டாவது சுற்றில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேக்கரிக்காரர் எண் இல்லாத ஒரு இடத்தில் விழுந்து அங்கே புதுப் பள்ளம் ஒன்றைத் திறந்துவைத்தார். மெக்கானிக் ஓடிப்போய் அவரைத் தூக்கினான்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து நின்றபோது, நிலம் அந்தப் பன்னிரண்டு வருஷமும் இருந்த மாதிரி இருந்தது. அதாவது, வரைபடத்தில் இருந்த எதுவும் அங்கே இல்லை. ஆய்வாளர் டேப்பை வெளியே எடுத்தார், மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் பதிவேட்டை நீட்டினார்.

"காரணத்தை நீங்களே எழுதிடுங்க. எனக்குக் கை வரல."

'மாற்றத்திற்கான காரணம்' என்று ஒரு பத்தி. மழை, காற்று, விலங்கு, நிலநடுக்கம் என்று அச்சடித்து, டிக் போடக் கட்டம் விட்டிருந்தார்கள். கடைசியில் 'பிற (குறிப்பிடவும்)'. மெக்கானிக் பேனாவை வாங்கினான். இருப்பதை எழுதித்தான் அவனுக்குப் பழக்கம். வண்டி ஓட்டினோம் என்று எழுதினால் ரத்து. மழை என்று எழுதினால் பொய். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினான்.

"அக்கா."

ஆய்வாளர் அதைப் படித்தார். இரண்டு பிரிவுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையைக் கழற்றாமலே நடந்து போய்விட்டார்.

மெக்கானிக் சங்கிலிக்காகக் காத்திருந்தான். ஒரு வாரம், இரண்டு வாரம். ஸ்டாண்டைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தான். சங்கிலி வரவில்லை. மூன்றாவது வாரம் கடிதம்தான் வந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவே அதைச் சத்தமாகப் படித்தாள்.

"தங்கள் பதிவேட்டில் குறிப்பிடப்பட்டுள்ள 'அக்கா' என்பது மேட்டுப் பிரிவைச் சேர்ந்ததா, பள்ளப் பிரிவைச் சேர்ந்ததா என்பது தெளிவாக இல்லை. இரு பிரிவுகளும் தமக்குரியதல்ல எனத் தெரிவித்துள்ளன. தாங்கள் உரிய தெளிவுரை அளிக்கும் வரை, இத்திடலில் தற்போது உள்ள நிலையே தொடரும் எனத் தெரிவிக்கப்படுகிறது."

படித்து முடித்துவிட்டு அவள் தம்பியைப் பார்த்தாள். "என்னடா எழுதப் போற? நான் மேடா, பள்ளமா?"

மெக்கானிக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தான். எருமையின் சீட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, சீட்டை அழுத்தி மூடினான்.

"பரிசீலிக்கலாம்க்கா" என்றான்.

இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் வண்டிச் சத்தம் கேட்கிறது. வாரியத்திலிருந்து நினைவூட்டல் ஏழு வந்துவிட்டது. அவன் இன்னும் பதில் போடவில்லை.